விடுமுறையிலும் வரைவதை விடாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் கொஞ்சமாவது வரைகிறவர்கள் பயணம் கிளம்பும்போது கேட்கும் கேள்விகள் இவை. வரைவதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. குடும்பத்தோடோ நண்பர்களோடோ ஊர் சுற்றப் போய், நடுவில் ஸ்கெட்ச் புத்தகத்தையும் திறக்க நினைக்கிறவர்களுக்காக எழுதியது.

வீட்டில் தினமும் வரைகிறேன். விடுமுறையில் நேரம் நிறைய இருந்தும் ஏன் நின்றுபோகிறது?

பழக்கம் நேரத்தில் தொங்குவதில்லை. வீட்டில் ஒரு மேசை இருக்கிறது, அதன்மேல் ஒரு விளக்கு இருக்கிறது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கால் தானாக அங்கே போகிறது. அந்த இடமும் அந்த வேளையும்தான் உங்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தன. வெளியூரில் இரண்டுமே கிடையாது. எழுந்திருக்கும் நேரம், சாப்பிடும் நேரம், அறை எல்லாம் மாறிவிடுகிறது. அதனால் 'எனக்கு மன உறுதி போதவில்லை' என்று உங்களையே திட்டிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

வீட்டுப் பழக்கத்தை அப்படியே பெட்டியில் அடைத்துக்கொண்டு போகவும் முடியாது. பயண நாளில் தவறாமல் வருவது எது என்று பார்த்து, அதோடு வரைவதை முடிச்சுப் போட வேண்டும். எந்தப் பயணமாக இருந்தாலும் தவறாமல் வருவது காத்திருப்புதான். ரயிலுக்கு, விமானத்துக்கு, வரிசைக்கு, ஆர்டர் செய்த சாப்பாட்டுக்கு, குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவருக்கு. அந்த நேரங்களில் கை இப்போது எங்கே போகிறது? போனுக்கு. போன் இருக்கும் பையில் புத்தகத்தையும், புத்தகம் இருந்த பையில் போனையும் மாற்றி வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சா?

இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஒரு புதிய செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு தடவை விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் உண்டாக்கவில்லை என்பதையும் அதில் கவனித்திருக்கிறார்கள்.

விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரண்டு படம் வரைந்து ஈடுகட்டப் பார்ப்பதுதான் ஆபத்து. கடன் கட்டுவது போல ஆகிவிட்டால் மூன்றாம் நாள் புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்காது. விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வரைந்தால் போதும்?

ஐந்து நிமிடம். அதற்குமேல் கிடைத்தால் லாபம்.

என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

வழக்கமாக நினைப்பதில் பாதி. புதிதாகப் பயணம் கிளம்புகிறவர்கள் வண்ணப் பெட்டி, ஐந்தாறு பிரஷ், மூன்று அளவில் புத்தகம் என்று கட்டிக்கொண்டு போவார்கள். அதையெல்லாம் பரப்ப இடம் தேட வேண்டும், பிறகு மடக்கி வைக்க நேரம் வேண்டும். கடைசியில் அறையில் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பி வரும்.

ஒரு புத்தகம், ஒரு பேனா அல்லது பென்சில். இவ்வளவு இருந்தாலே வரைய முடியும். புத்தகம் ஏ6 (105 × 148 மில்லிமீட்டர்) என்றால் சட்டைப்பைக்கே போகும். ஏ5 அதைப்போல இருமடங்கு, கைப்பையில் வைக்கலாம். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் வெளியே எடுக்கவே யோசிப்பீர்கள். அட்டை கெட்டியாக இருக்கட்டும். மேசை இல்லாத இடத்தில் அட்டைதான் மேசை.

தாளின் கனத்தையும் பார்த்து வாங்குங்கள். பேனா, பென்சிலுக்கு 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். அதில் தண்ணீர் பட்டால் தாள் அலை அலையாக நெளியும். லேசாக வண்ணம் பூசுவதென்றால் 200 ஜிஎஸ்எம் வாங்குங்கள். 300 ஜிஎஸ்எம் தாள் நிறையத் தண்ணீர் தாங்கும், ஆனால் புத்தகம் கனக்கும், பக்கமும் குறைவாக இருக்கும். பக்கம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பார்த்து வரையத் தோன்றும், அந்தக் கஞ்சத்தனம் பயணத்துக்கு ஆகாது. என்னைக் கேட்டால் மெல்லிய தாளே மேல்.

பென்சில் என்றால் 2பி. எண் கூடக் கூடப் பென்சில் மென்மையாகும்; 4பி, 6பி எல்லாம் அழகாகக் கறுக்கும், ஆனால் பைக்குள் புத்தகம் ஆடும்போது எதிர்ப்பக்கத்தில் ஈஷிக்கொள்ளும். பேனா என்றால் மை காய்ந்தபின் தண்ணீரில் கரையாததா என்று வீட்டிலேயே ஒரு கோடு போட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். சாதாரண மைப்பேனா மை பெரும்பாலும் சாய மை. தண்ணீர் பட்டால் ஓடிவிடும். நிறமி மை நிற்கும். இந்தியன் இங்க் என்ற பெயரில் வருகிற, ஷெல்லாக் (ஒருவகை அரக்கு) கலந்த மையை மைப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

வண்ணமும் வேண்டும் என்று மனது கேட்டால், கட்டியாக வரும் வாட்டர்கலரில் ஆறு நிறம், கைப்பிடியிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ஒன்று. தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை. துடைக்க ஒரு பழைய துணி. போதும்.

விமானத்தில் இதையெல்லாம் கொண்டுபோக விடுவார்களா? மைப்பேனா கசியாதா?

கட்டி வாட்டர்கலருக்குப் பிரச்சினை இல்லை. டியூபில் வருவது திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் ஒரு கொள்கலன் 100 மில்லிலிட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பல விமான நிலையங்களில் உள்ள விதி, வண்ண டியூப்கள் அதைவிடச் சிறியவைதான். பென்சில் சீவும் கத்தியையும் கட்டரையும் கைப்பையில் வைக்காதீர்கள். டர்பன்டைன், படம் கலையாமல் இருக்க அதன்மேல் அடிக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்பிரே போன்றவை தீப்பற்றக் கூடியவை. அவற்றைச் செக்-இன் செய்யும் பெட்டியில்கூட அனுமதிப்பதில்லை, வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மைப்பேனா கசிவதற்குக் காரணம் காற்று. விமானம் ஏறும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. பேனாவுக்குள் மைக்கு மேலே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பாதி மையோடு கிளம்புவதுதான் மோசம். முழுக்க நிரப்புங்கள், இல்லை முழுக்கக் காலி செய்யுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நிப் மேலே பார்த்தபடி வையுங்கள். அப்போது வெளியே வருவது காற்றாக இருக்கும், மையாக இருக்காது.

கூட வந்தவர்கள் எனக்காகக் காத்து நிற்கிறார்கள். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

விடுமுறையில் வரைவது நின்றுபோவதற்கு நிஜமான காரணம் பெரும்பாலும் இதுதான். 'நேரமில்லை' என்று சொல்வதெல்லாம் பூசி மெழுகுவது.

'இரு, இதை முடிச்சிடறேன்' என்று சொல்லாதீர்கள். அதைச் சொன்ன நிமிடத்தில் இருந்து அவர்கள் காலை மாற்றி மாற்றி நிற்பது உங்கள் முதுகில் உறைக்கும், கோடு அவசரப்படும், படமும் கெடும், அவர்கள் முகமும் கெடும். அவர்கள் ஏற்கெனவே நிற்கிற நேரத்தில் வரையுங்கள். அவர்கள் படம் பிடிக்கும்போது, கடையில் எதையாவது எடுத்துப் பார்க்கும்போது, வழி கேட்கப் போகும்போது. அவர்கள் நகர்ந்தால் நீங்களும் பாதியில் மூடிவிட்டு நகர வேண்டும். பாதிப்படம் பரவாயில்லை என்று மனதைப் பழக்கினால்தான் இது நடக்கும்.

நீளமாக உட்கார்ந்து வரைய ஆசையா? மற்றவர்கள் எழுவதற்கு முன் ஒரு மணி நேரம் இருக்கிறது. அது முழுக்க உங்களுடையது. இல்லாவிட்டால் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: 'ஒரு மதியம் எனக்கு வேண்டும், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போங்கள், சாயந்திரம் சந்திக்கலாம்.' முன்கூட்டிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அங்கே போய், கோபுரத்தின் முன்னால் நின்றுகொண்டு கேட்டால்தான் சண்டை.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அவர்களையே வரையுங்கள். எதிரே உட்கார்ந்து மெனுவைப் படிக்கும் அக்காவையோ, பேருந்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் அப்பாவையோ வரைந்தால், 'எங்கே, காட்டு' என்று அவர்களே கேட்பார்கள். அடையாளம் தெரியாத மாதிரி வந்திருந்தால் இன்னும் கலகலப்பு.

எதை வரைவது? புகழ்பெற்ற இடங்களை வரையாமல் வந்தால் வீண் இல்லையா?

புகழ்பெற்ற கட்டடத்தை முதல் நாளே எடுத்துக்கொள்வதுதான் பலரைக் கவிழ்க்கிறது. நூறு ஜன்னல், ஐம்பது தூண், சிற்பங்கள். பத்து நிமிடத்தில் ஜன்னல் எண்ணிக்கை தப்பும், எரிச்சல் வரும், புத்தகம் மூடும். அதன் படம் அஞ்சலட்டையிலும் இணையத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நீங்கள் தங்கியிருந்த அறையின் நாற்காலியை யாரும் வரைந்திருக்க மாட்டார்கள்.

அந்த நாற்காலியையே எடுத்துக்கொள்வோம். முதுகில் உங்கள் தோள்பையை மாட்டியிருக்கிறீர்கள். பையின் வார் நாற்காலியின் விளிம்பைத் தொடும் இடத்தில் மடிந்து தட்டையாகிறது, அங்கிருந்து பை வரை விறைப்பான நேர்க்கோடாக இறங்குகிறது. தண்ணீர் பாட்டில் இருக்கும் பக்கம் பையின் அடி தொங்கிப் புடைக்கிறது. மறுபக்கத்து வார் தளர்ந்து வளைந்து கிடக்கிறது. விறைத்த கோடு ஒன்று, தளர்ந்த கோடு ஒன்று, இரண்டையும் சரியாகப் பிடித்தால் பையின் கனம் தாளில் வந்துவிடும். ஜிப், தையல், நிழல் எதுவும் வேண்டாம். நான்கு நிமிட வேலை. அந்தக் கட்டடத்தின் ஐம்பது தூண்களில் கிடைக்காத பயிற்சி இதில் கிடைக்கும்.

கட்டடம்தான் வேண்டும் என்றால் ஒரு மூலையை மட்டும் எடுங்கள். ஒரு வளைவு, ஒரு படிக்கட்டின் திருப்பம், கூரையும் வானமும் சேரும் விளிம்பு. மிச்சத்தை வெள்ளையாக விடுங்கள். அதோடு, நிழலின் விளிம்பை முதலிலேயே கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். சூரியன் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அரை மணி கழித்துப் பார்க்கும் நிழல் நீங்கள் தொடங்கியபோது இருந்த நிழல் இல்லை.

மனிதர்களை வரைய ஆசை. ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கிறார்களே?

நகர்கிறவர்கள் திரும்பி வருவார்கள். டிக்கெட் கொடுப்பவர், தரை துடைப்பவர், போனில் பேசியபடி இங்குமங்கும் நடப்பவர், எல்லோருக்கும் இரண்டு மூன்று நிலைகள்தான் உண்டு. ஒரே பக்கத்தில் மூன்று உருவங்களை ஒன்றாகத் தொடங்குங்கள். அவர் குனியும்போது குனிந்த உருவத்தில் கொஞ்சம், நிமிரும்போது நிமிர்ந்ததில் கொஞ்சம். தலை, தோள், இடுப்பு ஆகிய மூன்றின் சாய்வு கிடைத்தால் ஆள் தாளில் நின்றுவிடுவார்.

கூட்டத்தை வரைவதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சமதரையில் நீங்களும் நின்றுகொண்டு பார்த்தால், பக்கத்தில் நிற்பவர் தலையும் தூரத்தில் நிற்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், அதாவது உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். பாதங்கள்தான் வேறுபடும். தூரம் போகப் போகப் பாதம் மேலே ஏறும். அதனால் முதலில் ஒரு கிடைக்கோடு போட்டு, அதன்மேல் வரிசையாகத் தலைகளை வைத்து, உடம்புகளை வெவ்வேறு நீளத்தில் தொங்கவிடுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவர்களின் இடுப்பு, மார்புப் பக்கம் இறங்கிவிடும். குழந்தைகளை மட்டும் மறக்காமல் கோட்டுக்குக் கீழே போடுங்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு அறைக்குப் போய் வரையலாமே?

வரையலாம், தப்பில்லை. ஆனால் பழக்கத்தைக் காப்பாற்ற அது உதவாது. போட்டோ எடுத்ததும் வேலை முடிந்தது என்று மனம் கணக்கை மூடிவிடும். இரவு அறைக்கு வந்தால் தூக்கம்.

படத்தை அங்கேயே தொடங்கி அறையில் முடிப்பது நல்ல நடுவழி. ஆங்கில ஓவியர் டர்னர் 1819இல் இத்தாலி போனபோது இருபதுக்கும் மேற்பட்ட ஸ்கெட்ச் புத்தகங்களை நிரப்பினார். அவற்றில் பெரும்பாலானவை வேகமான பென்சில் கோடுகள். வண்ணம் பூச அவர் அங்கே உட்கார்ந்துவிடவில்லை. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1832இல் மொராக்கோ போனபோது படத்தின் மேலேயே எந்த இடத்தில் என்ன நிறம் என்று எழுதிவைத்தார். நாமும் அதையே செய்யலாம். கூரையில் 'செங்கல் சிவப்பு, ஓரம் ஊதா', சுவரில் 'வெயிலில் மஞ்சள், நிழலில் பச்சை கலந்த சாம்பல்' என்று பொடி எழுத்தில் எழுதிவிட்டு நடையைக் கட்டலாம். நிறத்துக்குக் கேமராவைவிட இந்தக் குறிப்பை நம்புவேன். கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடுகிறது.

நினைவில் நிற்கும் விஷயத்திலும் வரைவதற்கு ஒரு சாதகம் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கு அவை கூடுதலாக நினைவில் இருந்தன. படம் நன்றாக இருந்ததா என்பது அங்கே பொருட்டாகவே இல்லை.

யாராவது எட்டிப் பார்த்தால் கை நின்றுவிடுகிறது.

சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மீதிப் பாதிக்கு: எட்டிப் பார்ப்பவர் குறை சொல்ல வருவதில்லை. 'நானும் சின்ன வயதில் வரைவேன்' என்று சொல்லத்தான் அநேகமாக வருகிறார். புன்னகைத்துவிட்டுக் கோட்டைத் தொடருங்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொள்வதும் ஒரு வழி, பாட்டு ஓட வேண்டும் என்றுகூட இல்லை.

தனியாக உட்காரவே கூச்சம் என்றால், போகும் ஊரில் சேர்ந்து வரையும் குழு இருக்கிறதா என்று பாருங்கள். கேப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' அமைப்புக்கு உலகின் பல நகரங்களில் கிளைகள் உண்டு. நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து வரையும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்தான் கூச்சப்படுவார்.

வரையக்கூடாத இடங்கள் உண்டா?

உண்டு. ராணுவ இடங்கள், எல்லைச் சோதனைச் சாவடிகள், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைப் பகுதி ஆகிய இடங்களில் புத்தகத்தை மூடிவையுங்கள். அருங்காட்சியகங்கள் பலவற்றில் பென்சிலுக்கு அனுமதி உண்டு, மைக்கும் வண்ணத்துக்கும் கிடையாது. வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது. வழிபாட்டு இடங்களிலும் அப்படியே. ஆட்களை வரையும்போது ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவருக்கு மாறிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

வெயில், காற்று, மழை?

வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், ஆகவே நிழலில் உட்கார்ந்து வெயிலைப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்ணம் கலக்காதீர்கள், கழற்றியதும் திடுக்கிடுவீர்கள். காற்றுக்கு ஒரு ரப்பர் பேண்ட் அல்லது கிளிப். மழைக்கு ஜன்னல். ஜன்னல் சட்டத்தையும் சேர்த்து வரைந்தால் படத்துக்கு ஓரம் தானாகக் கிடைத்துவிடும்.

ஐபேடில் வரைந்தால் கணக்கில் சேருமா?

சேரும். ஆனால் நல்ல வெயிலில் திரை தெரியாது, சார்ஜ் தீரும், கடற்கரை மணலுக்குப் பயப்பட வேண்டும். எல்லாவற்றையும்விட, அதே திரையில் மின்னஞ்சலும் இருக்கிறது.

ஒரு பக்கம் பாழாகிவிட்டால் கிழித்துவிடலாமா?

வேண்டாம். தைத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் இணைத் தாளும் தளர்ந்து விழும், அது நீங்கள் நன்றாக வரைந்த பக்கமாக இருக்கும். பாழான படத்தின்மேல் நாள், இடம், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். ரயில் டிக்கெட்டை ஒட்டுங்கள். இல்லை, வேறு நிற மையால் அதன் மேலேயே இன்னொன்றை வரையுங்கள். மூன்றாவது வழியில் சில சமயம் நல்ல படமே கிடைக்கும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறேன். நடக்கிற காரியமா?

அவர்களுக்கும் ஒரு புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் புத்தகத்திலேயே அவர்கள் கிறுக்கினால் விட்டுவிடுங்கள். தூங்கும் குழந்தையைப்போல அசையாத மாடல் வேறு யாரும் கிடைக்கப்போவதில்லை.

அன்றன்றைக்கு வரைந்ததை இணையத்தில் போடலாமா?

போவதற்கு முன் போடுவதாக அறிவித்துவிட்டால் வரைவதைவிடப் படம் பிடிப்பதற்கும் வெட்டித் திருத்துவதற்கும் நேரம் போகும். பாதிப்படங்களை வரையத் துணிச்சலும் வராது. திரும்பி வந்து மொத்தமாகப் போடுங்கள்.

பயணத்துக்கென்று தனியாகப் புதுப் புத்தகம் வாங்கலாமா?

நிறையப் பேர் வாங்குகிறார்கள். அட்டையில் ஊர்ப் பெயர் எழுதி, முதல் பக்கத்தில் வரைபடம் போட்டு அமர்க்களமாகத் தொடங்குவார்கள். பத்துப் பக்கத்தோடு ஊர் முடிந்துவிடும், மீதி அறுபது பக்கம் அலமாரியில். வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புத்தகத்தையே கொண்டுபோங்கள் என்பேன். அதில் ஏற்கெனவே சுமாரான படங்கள் இருப்பதால் முதல் பக்கப் பயம் கிடையாது. திரும்பி வந்த மறுநாள் அதே புத்தகத்தில் அடுத்த பக்கம் என்பதால் வீட்டுப் பழக்கமும் அறுந்துபோகாது. பெட்டியைப் பிரித்து அடுக்கும் முன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். நிறம் எழுதிவைத்த பக்கங்களுக்கு வண்ணம் பூசுவதென்றால் அந்த வாரத்துக்குள் பூசுங்கள். அதற்குமேல் போனால் 'பச்சை கலந்த சாம்பல்' என்பது எந்தச் சாம்பல் என்று உங்களுக்கே தெரியாது.